தேய்ந்த பம்ப் ஷாஃப்டும் 30 கிராம் உலோகமும்

பவானி ஆற்றிலிருந்து தண்ணீர் எடுக்கும் ஓர் ஆலையிலிருந்து எங்கள் மெட்டல் ஸ்பிரே பட்டறைக்கு (உருகிய உலோகத்தைத் துளிகளாக அடித்துப் பூசும் இடம்) வந்த பம்ப் ஷாஃப்ட் இது. 55 கிலோவாட் மோட்டார், நிமிடத்துக்கு 1480 சுற்று, நடுவாகப் பிரியும் கேசிங், அதாவது பம்பின் வெளிக்கூடு. ஷாஃப்டின் நீளம் 1.4 மீட்டர், எடை 40 கிலோவுக்கு மேல். கெட்டுப்போயிருந்தது இரண்டே இடம். ஒன்று, மோட்டாரோடு இணையும் கப்ளிங் பக்கம் 6313 எண் பேரிங் உட்காரும் 65 மி.மீ. சீட். இன்னொன்று, தண்ணீர் கசிவை அடக்கும் கிளாண்ட் கயிறு உரசும் ஸ்லீவ், அதாவது ஷாஃப்டின் மேல் மாட்டும் குழல். தண்ணீரைத் தள்ளும் சக்கரமான இம்பெல்லர் உட்காரும் இடம், அதைப் பிடிக்கும் சாவிக்கான காடி (கீவே), இடமும் வலமுமாக வெட்டிய மரைகள் எல்லாம் அளவில் இருந்தன. 33 மி.மீ. அகலத்துக்கு ஒரு பட்டை தேய்ந்துவிட்டது என்பதற்காக முழு ஷாஃப்டையும் காயலான் கடைக்கு அனுப்புவதா என்பதுதான் கேள்வி.

மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தால் சீட்டின் வெளிப்பக்கம் 64.71, தோள்பட்டைப் பக்கம் (ஷாஃப்ட் தடிமனாகும் படி) 64.62. அதாவது தேய்மானம் சமமாகவும் இல்லை, சாய்வாக இறங்கியிருந்தது. போதாததற்கு யாரோ முன்பே ஒரு வைத்தியம் பார்த்திருந்தார்கள்: சீட் முழுக்க டாட் பஞ்ச் குத்து. குத்தினால் குழியைச் சுற்றி உலோகம் மேடாக எழும்பும், பேரிங் இறுக்கமாக ஏறும், அன்றைக்கு எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் பேரிங்கின் உள்வளையம் தொட்டுக்கொண்டிருப்பது அந்த மேடுகளின் நுனிகளை மட்டும்தான். ஓட ஓட நுனிகள் மழுங்கும், வளையம் ஷாஃப்டின் மேலேயே மெல்ல வழுக்கிச் சுழலும், செந்நிறத் துருப்பொடி கிளம்பும், அந்தப் பொடியே மேலும் அரைக்கும். இந்த வைத்தியத்தைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம்தான் வரும்.

ஆலையிலிருந்து வந்த ஃபிட்டர் கேட்டது எல்லோரும் கேட்பதுதான்: “வெல்டு வெச்சுக் கடைஞ்சு குடுத்தா ஆகாதுங்களா?”

சில ஷாஃப்டுகளுக்கு ஆகும். இது சி45 ரகம், 0.45 சதவீதம் அளவுக்குக் கார்பன் உள்ள எஃகு. வெல்டிங் சூடு பட்ட ஓரம் சட்டென்று குளிர்ந்தால் விறைத்துப்போய் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முன்சூடு கொடுத்து மெதுவாக ஆறவிட்டால் அதைச் சமாளிக்கலாம். ஆனால் இவ்வளவு நீள ஷாஃப்ட் வளையாமல் இருக்காது. வளைந்ததை பிரஸ்ஸில் நிமிர்த்தினால் அது ஓடும் சூட்டில் திரும்பவும் கொஞ்சம் வளையப் பார்க்கும். எல்லாவற்றுக்கும் மேலாக, சுழலும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்கிற ஷாஃப்டில் விரிசல் பிறக்கப் பிடித்த இடம் வெல்டு முடிகிற விளிம்பு. பேரிங் தோள்பட்டைக்குப் பக்கத்திலேயே அப்படி ஒரு விளிம்பை உண்டாக்க எனக்கு மனம் வரவில்லை.

மற்ற வழிகளும் உண்டு. தேய்மானம் விட்டத்தில் 0.1 மி.மீ.க்குள் நின்றிருந்தால் ஸ்பிரேயே வேண்டாம் என்று சொல்லியிருப்பேன். பேரிங்கைப் பிடித்து நிறுத்தும் லாக்டைட் வகைப் பசை ஒரு சிறிய புட்டி போதும். இங்கே இடைவெளி 0.38 வரை போய்விட்டது, அதுவும் சாய்வாக. பசையை நம்பினால் பேரிங் மையத்தில் நிற்காது. ஷாஃப்டைக் குறுக்கிக் கடைந்து புஷ் ஏற்றலாம், ஆனால் புஷ் சுவருக்கு இடம் வேண்டுமே, பக்கத்துக்கு 2, 3 மி.மீ. கடைய வேண்டிவரும். ஷாஃப்டின் பலத்தில் அது நேராகக் கை வைக்கும். புது ஷாஃப்ட் செய்வது எப்போதும் நல்ல யோசனைதான். மோட்டாரும் பம்பும் ஒரே உடலாக வரும் சின்ன மோனோபிளாக் பம்ப் ஷாஃப்டைக் கொண்டுவந்து ஸ்பிரே அடிக்கச் சொன்னால் நான் புதிதாகக் கடைந்து கொள்ளுங்கள் என்றே அனுப்புவேன், கோயம்புத்தூரில் அதற்கா பஞ்சம். இங்கே இரண்டு பக்க மரையும் கீவேயும் கிரைண்டிங்கும் சேர்ந்து செலவும் நாளும் கூடும், ஆலையில் ஓடிக்கொண்டிருப்பதோ மாற்று பம்ப் ஒன்றுதான். அதனால் மெட்டல் ஸ்பிரே.

இந்த முறையைப் பற்றி ஒன்று தெளிவாக இருந்தால் பாதிக் குழப்பம் தீரும். வெல்டிங்கில் அடி உலோகமும் உருகிச் சேருகிறது. ஸ்பிரேயில் அடி உலோகம் உருகுவதே இல்லை. கம்பியோ பொடியோ துப்பாக்கியில் உருகி, காற்றின் வேகத்தில் நுண்துளிகளாகப் பறந்து வந்து மோதி, தட்டையாகி, மின்னல் வேகத்தில் உறைகிறது. ஒவ்வொரு துளியும் சில மைக்ரான் கனம்தான் இருக்கும். சுவரில் வறட்டி தட்டுவது போல ஒன்றின் மேல் ஒன்றாக அப்பிக்கொண்டே போகும். சொரசொரப்பான சுவரில்தான் வறட்டி நிற்கும், காயும்போது சுருங்கி ஓரம் தூக்கும், தடிமனாகத் தட்டினால் தானே கழன்று விழும். இந்த மூன்று குணமும் உலோகப் பூச்சுக்கும் அப்படியே பொருந்தும். பிடிப்பு பெரும்பாலும் கவ்வல்தான். எனவே துப்பாக்கியைக் கையில் எடுப்பதற்கு முன்பே பூச்சு நிற்குமா விழுமா என்பது முடிவாகிவிடுகிறது.

சுவிட்சர்லாந்துக்காரர் மாக்ஸ் உல்ரிச் ஷோப் 1910-ஐ ஒட்டிய ஆண்டுகளில் காப்புரிமை வாங்கிய சங்கதி இது, புதுசு ஒன்றும் இல்லை. துப்பாக்கிகளும் பொடிகளும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன, கவ்வல் மாறவில்லை.

முதல் வேலை, ஷாஃப்டை லேத்தில் இரண்டு சென்டருக்கு நடுவே வைத்து, ஆட்டத்தை அளக்கும் டயல் கேஜ் போட்டது. நடுவில் ஆட்டம் 0.03 மி.மீ., பரவாயில்லை. அடுத்து விரிசல் சோதனை. சிவப்புச் சாயம் பூசி, ஊறவிட்டு, துடைத்து, வெள்ளை டெவலப்பர் அடித்து, தோள்பட்டை வளைவையும் கீவே மூலைகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். சிவப்புக் கோடு எங்கேயாவது தெரிந்திருந்தால் வேலை அங்கேயே நின்றிருக்கும். பூச்சுக்கு அடியில் விரிசல் வளர்ந்துகொண்டே போகும், வெளியே தெரியாது என்பதால் இன்னும் ஆபத்து.

பிறகு குழி கடைதல். தேய்ந்த சீட்டின் மேல் அப்படியே அடிக்க முடியாது. சாய்வும் குத்துகளும் போய், பூச்சு எல்லா இடத்திலும் ஒரே கனத்தில் உட்கார இடம் வேண்டும். 64.00 வரை கடைந்தோம். முடிந்தபின் பக்கத்துக்கு அரை மி.மீ. பூச்சு நிற்கும் கணக்கு. இதில் ஷாஃப்டின் பலம் எவ்வளவு குறைகிறது என்று கேட்பவர்களுக்கு: முறுக்கு தாங்கும் திறன் விட்டத்தின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. 65 இருந்த இடத்தில் 64 என்றால் நாலரை சதவீதம் குறைவு. 55 கிலோவாட்டை 1480 சுற்றில் கடத்தும்போது வரும் முறுக்கு சுமார் 355 நியூட்டன் மீட்டர். 64 மி.மீ. தண்டில் அதனால் வரும் தகைவு (ஸ்ட்ரெஸ்) சதுர மி.மீ.க்கு 7 நியூட்டன் கூட இல்லை. சி45 எஃகுக்கு இது ஒரு பொருட்டே அல்ல. வேறு ஷாஃப்டில், குறிப்பாக ஏற்கனவே மெலிந்த ஷாஃப்டில், இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்காமல் கடையக் கூடாது. பூச்சு அளவை மட்டும் திருப்பித் தரும், கடைந்து எடுத்த பலத்தைத் தராது.

குழியின் ஓரங்களை நேர்சுவராக விடாமல் 45 டிகிரி சாய்வாக இறக்கினோம். நேர்சுவர் மூலையில் துளிகள் சரியாகப் போய் மோதாது, தூசுதான் சேரும். தோள்பட்டைப் பக்கம் வளைவிலிருந்து 3 மி.மீ. தள்ளியே குழியைத் தொடங்கினோம். அந்த வளைவு ஷாஃப்டின் உயிர்நிலை, அதை யாரும் தொடக்கூடாது. வெளிப்பக்கமும் கொஞ்சம் அசல் உலோகத்தை விட்டுவைத்தோம். பேரிங் ஏறும்போது முதலில் இடிபடும் இடம் அது, அங்கே பூச்சின் விளிம்பு வந்தால் பெயரும். இதையெல்லாம் கூலன்ட் ஊற்றாமல் உலர்வாகவே கடைய வேண்டும், எண்ணெய் கலந்த தண்ணீர் பின்னால் வம்பு பண்ணும்.

இனிமேல் அந்த இடத்தில் வெறும் கை படக் கூடாது. அசிட்டோன் ஊற்றித் துடைத்தோம், துணி அழுக்கில்லாமல் வரும் வரை. இது எஃகு என்பதால் இதோடு முடிந்தது. வார்ப்பிரும்பாக இருந்தால் கதை வேறு, அதன் நுண்துளைகளில் பல வருட எண்ணெய் ஊறியிருக்கும். மேலே துடைத்தால் சுத்தமாகத் தெரியும், சூடு காட்டினால் கசியும். 250, 300 டிகிரி வரை சூடேற்றி, கசிவதைத் துடைத்து, திரும்பச் சூடேற்றி, புகை வராத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். பழைய கேசிங்குகளில் இந்த ஒரு வேலையே பொறுமையைச் சோதிக்கும்.

அப்புறம் பிளாஸ்டிங், அதாவது காற்றில் குருணை அடித்து மேற்பரப்பைச் சொரசொரப்பாக்குவது. 24 மெஷ் அலுமினியம் ஆக்ஸைடு குருணை, 5 பார் அழுத்தம். பக்கத்து மரைகளுக்கும் இம்பெல்லர் சீட்டுக்கும் ரப்பர் ஹோஸை நீளவாக்கில் கீறிச் சுற்றி, மேலே டேப் ஒட்டியிருந்தோம். குருணை அடிப்பதற்கு முன் கம்ப்ரசர் காற்றை ஒரு வெள்ளைத் தாளில் கொஞ்ச நேரம் ஊதிப் பார்ப்பது எங்கள் வழக்கம். தாளில் ஈரமோ எண்ணெய்ப் புள்ளியோ தெரிந்தால் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை. துப்புரவாகக் கடைந்த ஷாஃப்டின் மேல் எண்ணெய்க் காற்றை அடித்துவிட்டுப் பூச்சு உரிகிறது என்று கம்பி விற்றவரைத் திட்டும் பட்டறைகள் உண்டு. குருணையும் தேயும். நுனி மழுங்கிய குருணை மேற்பரப்பைத் தட்டி மினுக்கும், கீறாது. அடித்து முடித்த இடம் மினுமினுப்பு எங்கும் இல்லாமல் ஒரே சாம்பல் வெள்ளையாக இருக்க வேண்டும். விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் ஒரு பளபளப்பும் கண்ணில் படக் கூடாது. பட்டால் திரும்ப அடிக்க வேண்டியதுதான்.

பழைய பட்டறைகளில் பிளாஸ்டிங்குக்குப் பதிலாகச் சீட்டில் முரட்டு மரை வெட்டி அதன் மேல் அடிப்பார்கள். பிடிப்பு நன்றாகவே இருக்கும். ஆனால் ஒவ்வொரு மரைப்பள்ளமும் விரிசலுக்கு ஓர் அழைப்பு. சுழலும் ஷாஃப்டுக்கு நான் அதைச் செய்வதில்லை.

பிளாஸ்ட் செய்த எஃகு பசியோடு இருக்கும், காற்றின் ஈரத்தை உடனே இழுக்கத் தொடங்கும். இரண்டு மணி நேரத்துக்குள் அடித்துவிட வேண்டும் என்பது பொதுக் கணக்கு. மழைநாளில் நான் அவ்வளவு நேரம் கூடக் கொடுக்க மாட்டேன். லேத்தில் ஏற்றி, சுற்றவிட்டு, சிலிண்டர் தீச்சுடரை ஓர் இடத்தில் நிறுத்தாமல் ஆட்டி ஆட்டிக் காட்டி 100 டிகிரிக்குக் கொண்டுவந்தோம், ஈரம் போக மட்டும். நீலம் பூக்கும் அளவுக்குச் சூடேற்றினால் மேலே ஆக்ஸைடு படலம் வந்துவிடும், பிளாஸ்டிங் வீண்.

எங்களிடம் இருப்பது ஆர்க் துப்பாக்கி. இரண்டு கம்பிகள் கோணமாக வந்து நுனியில் சந்திக்கும், அங்கே மின்வில் பிறந்து இரண்டும் உருகும், பின்னாலிருந்து வரும் காற்று அதைத் தூற்றி அடிக்கும். 1.6 மி.மீ. கம்பி, 30 வோல்ட், 150 ஆம்பியர். முதலில் நிக்கல் 95, அலுமினியம் 5 கலந்த கம்பியில் 0.1 மி.மீ. கனத்துக்கு ஒட்டுப்பூச்சு. துளிகள் மிகுந்த சூட்டோடு வந்து விழுவதால் கவ்வலோடு கொஞ்சம் நிஜமான ஒட்டலும் கிடைக்கும். இழுத்துப் பிரிக்கும் சோதனையில் இது சதுர மி.மீ.க்கு 50 நியூட்டனுக்கு மேல் தாங்கும். அமெரிக்கத் தர அமைப்பின் ஏஎஸ்டிஎம் சி633 என்ற முறையில் பசையிட்டு இழுத்துப் பார்ப்பார்கள். கேட்கப் பெரிய எண்ணாகத் தெரியலாம். நல்ல வெல்டோடு ஒப்பிட்டால் பத்தில் ஒரு பங்குதான். அதனால்தான் பல்சக்கரத்தின் பல், மரை, கேம் மூக்கு, பேரிங் குண்டு ஓடும் தடம் போன்ற இடங்களுக்கு நாங்கள் இதை அடிப்பதே இல்லை. ஒரு கோட்டிலோ புள்ளியிலோ பாரம் வந்து மோதும் இடத்தில் இந்தப் பூச்சு சில்லாகப் பெயர்ந்துவிடும். பேரிங் சீட்டில் பாரம் சுற்றிலும் பரவி, அமுக்கமாக வருகிறது. அதற்கு இது பொருத்தமான ஆள்.

ஒட்டுப்பூச்சுக்கு மேல் 13 சதவீதம் குரோமியம் உள்ள எஃகுக் கம்பி. 304 போன்ற ஸ்டெயின்லெஸ் கம்பியை இங்கே போடாததற்குக் காரணம் சுருக்கம். 304 வகை ஆறும்போது அதிகமாகச் சுருங்கி இழுக்கும். 13 குரோமியம் எஃகு குளிரும்போது அதன் உள்கட்டமைப்பு மாறிக் கொஞ்சம் விரிகிறது, சுருக்கத்தின் ஒரு பகுதி அதில் ஈடாகிவிடும். கடினமும் பேரிங் சீட்டுக்குத் தேவையானதைவிட அதிகமாகவே கிடைக்கும்.

சுற்று நிமிடத்துக்கு 150, அதாவது மேற்பரப்பு வேகம் 30 மீட்டர். துப்பாக்கி 150 மி.மீ. தள்ளி, செங்குத்தாக. கையில் பிடித்து அடிப்பதைவிட டூல்போஸ்டில் கட்டி, ஃபீட் கொடுத்து ஓட்டுவதே நல்லது. கை சாய்ந்தால் துளிகளும் சாய்ந்து விழும், பூச்சில் துளைகள் கூடும். ஒவ்வொரு அடுக்குக்கும் பிறகு சூட்டைப் பார்த்தோம். 150 டிகிரியை நெருங்கினால் நிறுத்தி ஆறவிட்டு மறுபடி. அவசரப்பட்டு ஒரே மூச்சில் ஏற்றினால் ஆறும்போது ஓரம் தூக்கும். விட்டம் 65.4 வந்ததும் நிறுத்தினோம்.

துப்பாக்கி உண்மையில் எரிந்த நேரத்தைக் கூட்டினால் சில நிமிடங்கள்தான் வரும். சீட்டில் நின்ற உலோகத்தின் எடையைக் கணக்குப் போட்டால் 30 கிராம் அளவு. 40 கிலோ ஷாஃப்டைக் காப்பாற்ற அவ்வளவு போதும். இதைவிடக் கூடுதலாகச் சுற்றிலும் பறந்து வீணாகும், அதைப் பார்த்து முதன்முறை வருபவர்கள் பதறுவார்கள்.

அந்தப் பறக்கும் புகையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிக்கலும் குரோமியமும் நுரையீரலுக்கு ஆகாது. துணியால் மூக்கைக் கட்டிக்கொண்டு அடிப்பதை இன்னமும் பார்க்கிறேன். அது எதையும் தடுக்காது. நுண்துகள் வடிகட்டும் முகமூடி, உறிஞ்சும் ஃபேன், காதடைப்பான், வெல்டிங் கண்ணாடி எல்லாம் வேண்டும். அலுமினியமோ துத்தநாகமோ அடிக்கும் இடமென்றால் குழாயில் சேரும் தூசு தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். அங்கே கூட்டிப் பெருக்குவதுகூட யோசித்துச் செய்ய வேண்டிய வேலை.

தண்ணீர் காட்டாமல் தானாக ஆறவிட்டோம். ஆறியதும் சின்னச் சுத்தியலால் சுற்றிலும் மெல்லத் தட்டிக் கேட்டோம். ஒட்டாத இடம் இருந்தால் சத்தம் பொத்தென்று மாறும். எல்லா இடமும் ஒரே ஓசை. அடுத்து துளைகளை அடைக்க மெல்லிய பீனாலிக் சீலரைத் தடவி ஊறவிட்டோம். இதைச் செய்யாமல் கிரைண்டிங்குக்குப் போனால் கூலன்ட் பூச்சுக்குள் இறங்கி, அடி எஃகில் துருவை ஆரம்பித்து வைக்கும்.

கார்பைடு முனையில் 0.1 ஆழத்துக்கு மட்டும் கடைந்தோம். இரண்டு ஓரத்திலிருந்தும் உள்நோக்கி வர வேண்டும், டூல் வெளியே போகும் திசையில் வெட்டினால் விளிம்பைத் தூக்கிவிடும். பிறகு சிலிண்ட்ரிகல் கிரைண்டிங், மிருதுவான சிலிக்கன் கார்பைடு கல். கெட்டிக் கல் துளிகளை அறுக்காமல் பிடுங்கி எடுக்கும். 65 மி.மீ. தண்டுக்கு இந்த வகைப் பேரிங்கில் கே5 என்ற இறுக்க ஃபிட் என்றால் 65.002க்கும் 65.015க்கும் நடுவே. ஷாஃப்டை நன்றாக ஆறவிட்டு அளந்தபோது 65.010 நின்றது. கிரைண்டிங் முடிந்தும் பூச்சில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். பார்த்ததும் ஃபிட்டர் முகம் சுளித்தார், “என்னங்க, சொத்தையாட்டம் இருக்குது?” அது குறையல்ல. பூச்சுக்குள் துளைகள் இருப்பது இந்த முறையின் இயல்பு, எண்ணெய் ஓடும் இடங்களில் அந்தத் துளைகள் எண்ணெயைப் பிடித்துவைத்து உதவவும் செய்யும்.

ஸ்லீவுக்கு வருகிறேன். அங்கே பிரச்சினை அளவு இல்லை, அரைபடுதல். மழைக்காலத்தில் ஆற்றுத் தண்ணீர் செம்மண் நிறத்தில் வரும். அந்த வண்டல் கிளாண்ட் கயிற்றில் பதிந்து உப்புத்தாள் போல ஆகிவிடும். 410 ஸ்டெயின்லெஸ் ஸ்லீவில் கயிறுக்கு ஒரு வளையமாக வரிவரியாகப் பள்ளம் விழுந்திருந்தது. இங்கே ஆர்க் பூச்சு போட்டால் துளைகள் வழியே தண்ணீர் இறங்கும், மணலையும் தாங்காது. இதற்கு ஏற்றது நிக்கல், குரோமியம், போரான், சிலிக்கான் கலந்த பொடியை அடித்து, பிறகு உருக்கிச் சேர்ப்பது. ஷாஃப்டில் இதைச் செய்ய முடியாது, 1040 டிகிரிக்குப் போக வேண்டும். ஸ்லீவ் தனியே கழன்று வருகிற சின்ன உருப்படி என்பதால் முடிந்தது.

பழைய ஸ்லீவையே எடுத்துச் செய்யலாமா என்றால், 410 இதற்குச் சங்கடமான எஃகு. குளிரும்போது உள்ளுக்குள் மாறி விரியும், மேலே உள்ள கெட்டிப்பூச்சு அந்த விரிவைத் தாங்காமல் பிளக்கும். 316 ஸ்டெயின்லெஸ் ஆறும்போது பூச்சைவிடக் கொஞ்சம் அதிகமாகச் சுருங்கி, பூச்சை அமுக்கத்தில் வைக்கும். அமுக்கத்தில் இருக்கும் பூச்சு எளிதில் வெடிக்காது. அதனால் 316-ல் புது ஸ்லீவ் கடைந்தோம். உள்துளையை அரை மி.மீ. சிறிதாகவே விட்டோம், சூட்டில் கோணினால் பிறகு கடைந்து சரிசெய்ய. உருகும்போது பூச்சு ஐந்தில் ஒரு பங்கு வரை சுருங்கும் என்பதால், உருக்கிய பின் 1 மி.மீ. நிற்க 1.25 ஏற்ற வேண்டும். அதில் 0.2 கிரைண்டிங்குக்குப் போகும்.

பொடி அடிப்பது சுலபம், உருக்குவதில்தான் கைப்பழக்கம் பேசும். ஸ்லீவை லேத்தில் மெதுவாகச் சுற்றவிட்டு, பெரிய டார்ச்சால் முழுவதையும் செந்தணலாகும் வரை சூடேற்ற வேண்டும். பிறகு ஒரு முனையிலிருந்து சற்றுத் தள்ளி டார்ச்சை நிறுத்தினால், மங்கிச் சொரசொரவென்று இருக்கும் பரப்பு திடீரென்று ஈரம் பூத்ததுபோல் பளபளக்கும். அதுதான் தருணம். போரானும் சிலிக்கானும் ஆக்ஸைடுகளை இழுத்துக்கொண்டு கண்ணாடிப் படலமாக மேலே வந்துவிட்டன, பூச்சு அடி உலோகத்தோடு சேர்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்தப் பளபளப்பை டார்ச்சோடு மெல்ல நகர்த்தி மறுமுனைக்குக் கொண்டுபோக வேண்டும். முந்தினால் சில இடம் உருகாமல் நிற்கும். பிந்தினால் பூச்சு வழிந்து தொங்கும், அதைத் திரும்ப ஏற்ற முடியாது. கறுப்புக் கண்ணாடி போட்டால் இந்த மினுக்கம் தெரியாது, கண்ணாடியே இல்லாமல் பார்த்தால் கண் போய்விடும். 5ஆம் எண் நிறக்கண்ணாடி எங்களுக்குச் சரிப்பட்டது. எங்கள் பட்டறையில் இதை நிதானமாகச் செய்ய ஒருவர் இருக்கிறார், அவர் வேலை செய்யும்போது யாரும் பேச்சுக் கொடுப்பதில்லை.

முடிந்ததும் சாம்பல் நிறைத்த டிரம்மில் புதைத்து, மறுநாள் கை பொறுக்கும் சூட்டில்தான் வெளியே எடுத்தோம். பூச்சின் கடினம் ராக்வெல் சி அளவில் 60-ஐ ஒட்டி வரும். சாதாரண டூல் அதில் வேலை செய்யாது. பச்சை சிலிக்கன் கார்பைடு கல்லில், தண்ணீர் நிறைய விட்டு, 85 மி.மீ.க்குக் கிரைண்டிங் போட்டோம்.

இதே ஸ்லீவுக்கு எச்.வி.ஓ.எஃப். என்ற அதிவேகச் சுடர் ஸ்பிரே முறையில் டங்ஸ்டன் கார்பைடு அடிக்கலாம். எரிவாயுவும் ஆக்சிஜனும் அழுத்தத்தில் எரிந்து துகள்களை ஒலியைவிட வேகமாகத் தள்ளும், துளை மிகக் குறைவு, அடி உலோகமும் அதிகம் சூடாகாது. விமானச் சக்கரக் கால்களில் கடின குரோமிய முலாம் இருந்த இடத்தை இன்று பெருமளவு பிடித்திருப்பது அதுதான், முலாம் தொட்டியின் ஆறு இணைதிறன் குரோமியம் அவ்வளவு நஞ்சு. ஆனால் அதற்குத் தனி அறை வேண்டும், வைரக் கல்லில் கிரைண்டிங் வேண்டும், கூலியும் கூடும். ரசாயனமோ கடுமையான மணலோ என்றால் யோசிக்கலாம். ஆற்று வண்டலுக்கு உருக்கிய பூச்சே தாராளம் என்பது என் எண்ணம்.

பூட்டும் வேலைக்கு ஆலைக்கே போனோம். பேரிங்கை இண்டக்ஷன் ஹீட்டரில் 110 டிகிரி சூடாக்கி நழுவவிட்டோம், சுத்தியல் கிட்டவே வரவில்லை. வந்த வேலை அதோடு முடியவில்லை, சீட் ஏன் தேய்ந்தது என்று பார்க்காமல் திரும்பினால் பூச்சும் அதே வழியில் போகும். பேஸ் பிளேட்டுக்கு அடியில் ஊற்றிய கிரவுட் கலவை பெயர்ந்திருந்தது, கப்ளிங்கில் டயல் போட்டால் மோட்டாரும் பம்பும் ஒரே கோட்டில் இல்லை. கிரவுட் புதிதாக ஊற்றி, அடியில் வைக்கும் மெல்லிய ஷிம் தகடுகளை மாற்றி, 0.05-க்குள் கொண்டுவந்த பிறகே ஓட்டினார்கள். கிளாண்டுக்கு ஆற்று நீரையே திருப்பிவிட்டிருந்த குழாயை அடைத்து, வடிகட்டிய தண்ணீர் இணைப்பு கொடுக்கச் சொன்னோம். பழைய கயிற்றுக்குப் பதில் கிராஃபைட் கலந்த டெஃப்லான் கயிறு. கெட்டி ஸ்லீவ் போட்டாச்சே என்று கிளாண்டை இறுக்கிவிடக் கூடாது, தண்ணீர் சொட்டிக்கொண்டேதான் இருக்க வேண்டும். இதைச் சொன்னபோது தலையாட்டினார்கள், ஆனாலும் இரவு ஷிஃப்டில் யாராவது ஸ்பானரைப் போடுவார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஒரு மழைக்காலம் ஓடிய பிறகு வழக்கமான பராமரிப்புக்குத் திறந்தபோது பார்த்தேன். ஸ்லீவில் கயிறு ஓடிய இடம் பளபளப்பாகியிருந்தது, நகத்தால் இழுத்தால் பள்ளம் தட்டுப்படவில்லை. பேரிங் சீட்டின் ஓரத்தில் செந்நிறப் பொடி இல்லை. மறுபக்க ஸ்லீவ் பழைய 410 தான், அதில் வரி விழத் தொடங்கியிருந்தது. அதற்கும் ஆர்டர் கொடுத்திருக்கிறார்கள்.

ஷாஃப்டின் முனை முகத்தில் எண் பஞ்சால் 64.00 என்று அடித்து வைத்திருக்கிறோம், கம்பியின் ரகத்தோடு பராமரிப்புப் பதிவேட்டிலும் எழுதச் சொன்னோம். நாளை இதே சீட் தேய்ந்தால், பழைய பூச்சின் மேலேயே இன்னொரு பூச்சை அடிக்க யாராவது கிளம்பலாம். அப்படிச் செய்யக் கூடாது. பழையதை முழுவதும் கடைந்து 64.00 அசல் எஃகு தெரியும் வரை போய், அங்கிருந்து மறுபடி பிளாஸ்டிங்கில் ஆரம்பிக்க வேண்டும்.